எந்த வீட்டில் சாப்பிட்டேன்

மூன்று வீட்டிலும் அடுப்பு எரிந்தது. மூன்று என்று சொல்வது தப்பு, என் வீட்டில் எரியவில்லை. தம்பிகள் வீடு இரண்டிலும் எரிந்தது. இரண்டிலும் எனக்குச் சோறு இருந்தது. அப்படியிருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் என் வயிற்றுக்குள் டீயைத் தவிர ஒன்றும் போகவில்லை. அது யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள், எனக்கே தெரியவில்லை.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். சுனாமிக்குப் பிறகு வரிசையாக வீடு கட்டி, குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் சின்னத் தம்பிக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு விழுந்தது. பெரிய தம்பிக்கு மட்டும் கடைசித் தெரு. எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவரின் மனைவிக்குத் தாய்வீடு அந்தக் கடைசித் தெருவில் இருந்தது. என் மனைவிதான் போய் அந்த அம்மாவிடம் பேசினாள். ஒரே மத்தியானத்தில் அவர்கள் வீட்டுச் சாமானும் பெரிய தம்பி வீட்டுச் சாமானும் இடம் மாறிவிட்டன. காகிதத்தில் இன்னும் பழைய நம்பர்தான். தபால்காரருக்கு விஷயம் தெரியும் என்பதால் தொந்தரவு இல்லை.

பின்பக்கம் மூன்று வீட்டுக்கும் நடுவில் நாங்கள் சுவர் வைக்கவில்லை. துவைக்கிற கல் ஒன்று, கொடி ஒன்று. போர் மோட்டார் சின்னத் தம்பி வீட்டில், பிரிட்ஜ் பெரிய தம்பி வீட்டில், மாவு அரைக்கிற பெரிய கிரைண்டர் என் வீட்டில். சிலிண்டர் யார் வீட்டில் தீர்ந்தாலும் நிறைந்திருக்கிற வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு போவார்கள். ஃபைபர் போட் மூன்று பேருக்கும் பொது. பெரிய தம்பி காய்ச்சலில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். அந்தப் பதினோரு நாளும் போட் நிற்கவில்லை. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் நிற்கவில்லை. யார் தலை வாரிவிட்டது, யார் சோறு கட்டிக் கொடுத்தது என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அது தானாக நடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

தினமும் மத்தியானம் என் மனைவி பின்பக்கம் வந்து நிற்பாள். கையில் கரண்டி இருக்கும். மூன்று வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவாள்.

"இன்னும் துன்னாதவங்க யாரு? கை தூக்குங்க."

பிள்ளைகள் சும்மாவாவது கை தூக்கும். தம்பிகளும் தூக்குவார்கள். ஒரு தடவை சாப்பிட்டு முடித்த சின்னத் தம்பியே மறுபடி கை தூக்க, "உன் ஏப்பம் இங்க வரைக்கும் கேட்டுது, கைய எறக்குடா" என்றாள். நான் பதில் சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு புதன்கிழமை மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஏற்றினோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மலை தெரிந்தது. அவளும் நானும் பௌர்ணமி தவறாமல் சுற்றி வருகிற மலை. பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன், அது எழவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் ஆட்டோ போனது. திரும்பி வந்தது. கிரைண்டரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அந்த மாவை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பங்காளி வீடு என்பதால் தீட்டு மூன்று வீட்டுக்கும்தான். அடுப்பு மூட்டவில்லை. மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பந்தலுக்கடியில் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம், என் முன்னால் இலை போட்டார்கள், சாப்பிட்டேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பந்தல் பிரித்தார்கள். தம்பிகள் வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தார்கள்.

மகள் கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். ரயிலேறித் தாம்பரம் பக்கம் ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். மருமகனுக்குச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கம்பெனி வேலை. கருமாதி அன்றைக்கே என்னைக் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், யோசித்து வை என்றாள். தம்பிகள் இரண்டு பேரும் போகக்கூடாது என்றார்கள். நீ போனால் போட் எப்படி, வீடு எப்படி என்று சொல்லவில்லை. நீ அங்கே போய் என்னா பண்ணுவே என்றுதான் கேட்டார்கள். நான் மகளிடமும் சரி என்றேன். தம்பிகளிடமும் சரி என்றேன். பெரிய தம்பி இனிமேல் எங்க வூட்ல சாப்புடு என்றான், சரி என்றேன். சின்னத் தம்பியும் அதையே சொன்னான். அவனிடமும் சரி என்றேன். யாருக்கு எதற்கு சரி சொன்னேன் என்று எனக்குள் எதுவும் நிற்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி, புருஷனின் அண்ணனான மூத்தார் எதிரில் நிற்க மாட்டாள். நேருக்கு நேர் பேச மாட்டாள். பேசியே ஆக வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்வாள். இப்போது வருகிற பெண்கள் அப்படி இல்லை. ஆனால் என் தம்பிகளின் மனைவிகள் இருபது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் இருந்து பழகிவிட்டார்கள். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் நான் என் மனைவியிடம் சொல்வேன், அவள் அவர்களிடம் சொல்வாள். அவர்களும் அப்படியே. இப்போது நடுவில் ஆள் இல்லை. சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை. சோறு போடுங்கள் என்று போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

முதல் சில நாள் தம்பிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு கடலில் மீன் பட ஆரம்பித்தது. விடியுமுன் போய் வெயில் ஏறித் திரும்பி, சாப்பிட்டு அசந்து தூங்குவார்கள். என்னை ஒரு மாசம் கடலுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு விரதம். சாயங்காலம் அம்மனுக்கு விளக்கேற்றின பிறகுதான் சாப்பாடு. அது எல்லாருக்கும் தெரியும் என்பதால் பகலில் யாரும் தேடவில்லை. விளக்கேற்றினேன். அவள் படத்துக்கும் ஒரு விளக்கு வைத்தேன். பெரிய தம்பி மனைவி எனக்கென்று தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாளாம். சின்னத் தம்பி மனைவியும் மூடி வைத்திருந்தாளாம். நான் வரவில்லை என்றதும் இவள் அங்கே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தாள், அவள் இங்கே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தாள். இரண்டு சோற்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். நான் படுத்துவிட்டேன். பசி இருந்ததா என்று கேட்டால், இல்லை. வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

சனிக்கிழமை சின்னத் தம்பி மனைவி அவள் அம்மாவுக்குக் கண் காட்டச் செங்கல்பட்டு போனாள். போவதற்கு முன்னால் சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். பெரிய தம்பி மனைவி பின்பக்கமாகப் போனவள் அந்தப் பானையைப் பார்த்திருக்கிறாள். சரி, மாமாவுக்குத்தான் பொங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று வந்துவிட்டாள். போனவளோ, அக்கா வீட்டில் இருக்கிறாளே, பார்த்துக்கொள்வாள் என்று போனாள். இரண்டு பேர் நினைத்ததிலும் தப்பு சொல்ல முடியாது.

என் மேலும் தப்பு இருக்கிறது. சாயங்காலம் பெரிய தம்பி கரைக்கு வந்தான். நின்று கேட்டான்.

"சாப்ட்டியா ண்ணா?"

"ஆச்சு."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் எல்லாமே ஆகிவிட்ட மாதிரிதான் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை போட் கரைக்கு வந்தது. வலை கனமாக இருந்தது, மத்தி. கயிற்றைப் பிடித்து நாலு எட்டு இழுத்தேன். மணல் வெள்ளையாக எழுந்து முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்துத்தான் கண்டுபிடித்தேன். வியாழக்கிழமை ராத்திரி என்றேன். தம்பிகள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நர்ஸம்மா வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். மகள் என் தலைமாட்டில் நின்றாள். தம்பிகள் வாசலில் நின்றார்கள். அவர்கள் மனைவிகள் இரண்டு பேரும் பின்கதவுக்கு அந்தப் பக்கம். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வூடு கீது. மூணு வூட்டுக்கு நடுவுல எங்க நைனாவப் பட்டினி போட்டுக்கீறீங்க."

"நான் அவ வூட்ல சாப்ட்டாருன்னு நெனச்சுகினு இருந்தேம்மா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பெரிய தம்பி மனைவியின் குரல்.

"நான் அக்கா வூட்லன்னு" என்று இன்னொரு குரல்.

"ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா சித்தி?"

"உங்கம்மா இருந்தவரைக்கும் நாங்க மாமாவ நிமிர்ந்து பாத்ததுகூட இல்லியேம்மா. எப்படிக் கேக்கறது?"

சின்னத் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டு வூட்ல சோறு பொங்கி ஒரு ஆளக் கொல்லப் பாத்தது ஊர்லயே நாமதான்" என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவனே அழுதான். அவன் அழுவதை நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எழுந்து தோளைத் தொட வேண்டும் என்று தெரிந்தது. தொடவில்லை.

மகள் பையில் என் வேட்டி சட்டை எடுத்து வைத்தாள். அம்மன் படத்தையும் அவள் அம்மா படத்தையும் துண்டில் சுற்றி வைத்தாள். போகலாமா நைனா என்றாள். சரி என்றேன். வாசல் கதவைச் சாத்தி, உள்ளே மூலையில் கிடந்த பூட்டைத் தேடி எடுத்துப் பூட்டினாள். பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பூட்டு போட்டது அதுதான் முதல் தடவை. சாவியை என் சட்டைப் பையில் வைத்தாள்.

கூடுவாஞ்சேரியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு. சாமி படங்களுக்கு மகள் கிழக்குப் பார்த்து ஒரு பலகை அடித்துக் கொடுத்தாள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஹாட்பாக்ஸில் சோறு, சின்ன டப்பாக்களில் குழம்பு, பொரியல் எல்லாம் மேஜை மேல் வைத்துவிட்டுப் போவாள். ஒரு மணிக்குப் போன் வரும்.

"சாப்ட்டியா நைனா?"

"சாப்புடறேன்."

"சாப்புடறேன் இல்ல. நான் போன்லயே கீறேன். நீ தொறந்து போட்டுக்கோ."

போனை மேஜை மேல் வைத்துவிட்டு மூடியைத் திறப்பேன். தட்டில் சோறு விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பாள். அந்தப் பெண் ஆபீசில் எத்தனை பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் காது வைத்திருந்தாளோ. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. அது சமையலின் குறை இல்லை. வாயில் வைத்தேன், மென்றேன், உள்ளே போனது. பிறகு பால்கனியில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்ப்பேன். காலையில் குளித்துச் சட்டை மாற்றும்போது பழைய சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் புதுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். எதற்கு என்று நினைத்ததில்லை.

இரண்டு வாரம் போனது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னத் தம்பி வந்தான். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுச் சங்கரா மீன் கொண்டுவந்திருந்தான். மகள் சித்தப்பா என்று கூப்பிட்டாள், ஆனால் முகம் பார்க்கவில்லை. இட்லி வைத்தாள். அவன் நாலு இட்லியைப் பேசாமல் சாப்பிட்டான். அவன் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஐந்தாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

"வூட்ல அரைச்ச மாவா? நல்லாகீது. நாங்க ரெண்டு வாரமா பாக்கெட் மாவுதான் துன்னுகினு கீறோம். புள்ளைங்க வாயில வெக்க மாட்டேங்குதுங்க."

"ஏண்டா?"

இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அப்போதும் புரியவில்லை. கிரைண்டர் ரிப்பேரா என்று கேட்டேன்.

"அதுக்கின்னா, நல்லாத்தான் கீது. உள்ள கீது. சாவி உங்கிட்ட கீது."

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது.

"ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"நான் சொன்னேன். அண்ணனும் சொன்னான். அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கல. பட்டினி போட்டு அனுப்பின ஆளுகிட்ட எந்த மூஞ்ச வெச்சுகினு சாவி கேக்கறதுன்னு சொல்றாங்க. பூட்ட ஒடச்சுரலாம்னு நான் கேட்டதுக்கு, பெரியண்ணி பூட்டின பூட்டா நெனச்சுக்கோ, கைய வெச்ச பாருன்னு என் பொண்டாட்டி அருவாமனைய எடுத்துகினு வர்றா."

பூட்டியது என் மனைவி இல்லை, என் மகள். அடுப்படியில் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். இட்லிச் சட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு நாள் சோறு தவறியதற்காக இரண்டு வாரமாக இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புளித்த மாவை ஊற்றிக்கொண்டு, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். நானும் இங்கே வாய் திறக்காமல்தான் இருந்தேன். என் மனைவி இருந்திருந்தால் மூன்று பேரையும் கரண்டியால் அடித்திருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"நைனா, நீ போய்த் தொறந்து வுட்டுட்டு வா" என்றாள் மகள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "வரணும்னு தோணுச்சுன்னா வா" என்றாள்.

தம்பியும் நானும் ரயிலில் செங்கல்பட்டு வந்து பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்தில் மலை தெரிந்தது. ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது. பார்க்கலாம். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கென்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. அவள் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை எதுவோ அது நின்று போகாமல் பார்த்துக்கொள் சாமி என்று மட்டும் சொன்னேன்.

பூட்டைத் திறந்து பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்தேன். கிரைண்டரைத் துடைத்து, கல்லுக்கு மேல் ஒரு பழைய புடவைத் துண்டு சுற்றி வைத்திருந்தார்கள். அவள் புடவைதான். அதை யார் சுற்றியது என்று தெரியவில்லை, வீட்டைப் பூட்டுவதற்கு முன்னாலேயே யாரோ சுற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேல் ஒரு பெரிய குண்டானில் அரிசியும் இன்னொன்றில் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. காலையிலேயே போட்டிருக்கிறார்கள்.

"நான் வருவேன்னு யாரு சொன்னது?" என்று தம்பியைத்தான் கேட்டேன். சின்னத் தம்பி மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா வருவாருன்னு ஊறப்போடல. சாவியாவது வரும்னு போட்டேன்."

பெரிய தம்பி மனைவி அவளைக் கிள்ளியிருப்பாள் போலிருக்கிறது, ஆ என்று ஒரு சத்தம் கேட்டது.

நான் சாவியைக் கிரைண்டர் மேல் வைத்தேன். கையில் கொடுக்கிற வழக்கம் இல்லை. இனிமேல் இது உங்களிடமே இருக்கட்டும் என்றேன். இரண்டு பேரில் ஒருத்தரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் குரல் வந்தது. எனக்குத்தான் சொன்னாள், ஆனால் அக்காவிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லு. சாவி எங்க வூட்டுக்கும் வேணாம், உங்க வூட்டுக்கும் வேணாம். மாமா எந்த வூட்ல சாப்புடறாரோ அந்த வூட்டு ஆணியில மாட்டட்டும். மாவு அரைக்கணும்னா நாம அங்க போய் எடுத்துக்கலாம்."

"ரெண்டு ஆணிலயும் இல்லன்னா?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்லன்னா மாமா இன்னும் துன்னலன்னு அர்த்தம். இதுக்கு யாரும் யாரையும் மூஞ்சி பாத்துக் கேக்க வேணாம் பாரு."

அன்றைக்குச் சாயங்காலமே சின்னத் தம்பி இரண்டு வீட்டு முன்கதவுக்குப் பக்கத்திலும் ஆணி அடித்தான். பெரிய தம்பி வீட்டில் அடித்தது கொஞ்சம் கோணல். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய தம்பி வீட்டில்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி, சாவியைக் கோணல் ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்தேன். மகளுக்குப் போன் போட்டு, தோணல, இங்கியே கீறேன் என்று சொன்னேன். சரி நைனா என்றாள். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பினேன்.

இது நடந்து ஐந்து மாசம் ஆகிறது. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். போட்டில் போகிறேன், வலை இழுக்கிறேன், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன். பசி மட்டும் இன்னும் ஒழுங்காக வரவில்லை. வராவிட்டால் என்ன, சாவி இருக்கிறது. காலையில் அதை ஆணியிலிருந்து எடுத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போகிறேன். அடிக்கடி மறந்துவிட்டுச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, வலை உலர்த்துகிற கழியைப் பார்த்து யாராவது ஒருத்தி பேசுவாள்.

"சாவி எங்கயும் காணமே. மாவு அரைக்கணும்."

மாவு நேற்றுத்தான் அரைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போவேன். ஒரு மணிக்கு மகள் போன் போட்டாலும் இப்போது சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "சாவி எங்க நைனா?" என்கிறாள். பெரிய சித்தி வூட்ல என்பேன், சின்ன சித்தி வூட்ல என்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆணியைத்தான் பார்க்கிறாள்.

பக்கம் பக்கமாக இருப்பதும், மோட்டாரும் பிரிட்ஜும் போட்டும் பொதுவாக இருப்பதும் எவ்வளவு பெரிய பலம் என்று என்னைக் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வேன். ஆண்டவன் எனக்குக் கொடுத்ததில் அது பெரியது. ஆனால் சோறு மூன்று வீட்டில் இருந்தாலும் யாராவது ஒருத்தர் பின்பக்கம் வந்து நின்று சத்தம் போட வேண்டியிருக்கிறது. இருபது வருஷம் அவள் போட்டாள். அது ஒரு வேலை என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சாவி சின்னத் தம்பி வீட்டில் இருக்கிறது. கானாங்கெளுத்திக் குழம்பு. கதவுக்குப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று சுவரிடம் கேட்டாள், போதும் என்று நானும் சுவரிடம் சொன்னேன். உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தது. எனக்கு அது தெரிந்தது. கை கழுவிவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினேன்.